கண்ணுக்குள் பொம்மை எப்படி வந்தது? 'பாவை'யும் 'பியூப்பி'லும் ஒரே வேரா?

விழி_மாணவி (கோயம்புத்தூர்)

எல்லோருக்கும் வணக்கம். ஆப்டோமெட்ரி, அதாவது கண் பார்வையைச் சோதிக்கும் படிப்பு, முதலாண்டு படிக்கிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி என்பதால் வகுப்பில் புதிதாக எந்தச் சொல் வந்தாலும் மனதுக்குள் ஒருமுறை தமிழில் சொல்லிப் பார்ப்பேன். கார்னியா, ஐரிஸ், லென்ஸ் எல்லாம் சிக்கலில்லாமல் போயின. 'பியூப்பில்' வந்ததும் மாட்டிக்கொண்டேன். பள்ளியில் அதைக் 'கண்பாவை' என்று படித்தேன். பாவை என்றால் பொம்மை. இல்லையென்றால் பெண். ஆனால் இது வெறும் துவாரம், கண்ணின் நிற வளையமான ஐரிஸுக்கு நடுவில் வெளிச்சம் உள்ளே போகிற வழி. துவாரத்துக்குப் போய் யார் பொம்மை என்று பெயர் வைத்தது?

என் ரூம்மேட் நெல்லூர்க்காரி. அவள் வீட்டில் 'கனுபாப்ப' என்பார்களாம். மைசூரிலிருந்து வந்திருக்கும் இன்னொருத்தி 'கண்ணுபாபெ' என்கிறாள். எங்கள் அம்மாச்சிக்கு அது 'கண்ணுப் பாப்பா'. இங்கிலீஷில் பியூப்பில். எல்லாவற்றிலும் ப, ப என்று வருகிறதே என்று வகுப்பு வாட்ஸப் குழுவில் கேட்டேன். "பாப்பாதான் பியூப்பில் ஆனது, இதற்கு ஆதாரம் வேறு வேண்டுமா" என்று ஒரு பையன் போட்டான், பத்துப் பேர் கைதட்டினார்கள்.

எனக்கு வேண்டும். இதையே செமினாருக்கு எடுத்திருக்கிறேன், கேள்வி கேட்கப்போகிறவர் எங்கள் துறைத் தலைவர். அப்புறம் இன்னொன்று: படிக்கிற பிள்ளைக்கும் ஏன் அதே 'பியூப்பில்'?

வேர்ச்சொல்_வேந்தன்

தங்கச்சி, இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. நம் அரிசி கிரேக்கத்தில் 'ஒரூசா' ஆனது. இஞ்சிவேர் 'சிங்கிபெரிஸ்' ஆனது. முசிறியில் மிளகு ஏற்ற வந்த யவனர்கள் சொற்களையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதே கப்பலில் பாப்பாவும் போயிருக்கும். பாப்பா, பூபா, பூபில்லா, பியூப்பில். நான்கே படி. உங்கள் நண்பர் சொன்னது சரி. செமினாரில் தைரியமாகச் சொல்லுங்கள்.

கண்ணாடிக்கடைக்காரர் (மதுரை)

வேந்தன் தம்பி, கப்பலைக் கொஞ்சம் கரையிலேயே நிறுத்தி வையுங்கள், பிறகு வருகிறேன்.

நான் மொழி படித்தவன் இல்லை. ஒரு கண் ஆஸ்பத்திரியில் ரெஃப்ராக்‌ஷன், அதாவது கண்ணாடிப் பவர், பார்த்துக்கொண்டிருந்தேன், ஊர் ஊராகக் கேம்ப் போனேன், இப்போது கண்ணாடிக்கடை வைத்திருக்கிறேன். தமிழ்ப் பாட்டு படிக்கிற பழக்கம் மட்டும் விடவில்லை. இந்தச் சொல்லில் இரண்டும் சந்திக்கின்றன, அதனால் நீளமாகத்தான் எழுதுவேன்.

கோவைப் பொண்ணே, முதலில் அந்தப் பொம்மையை நேரில் பார்த்துவிடு. ரூம்மேட்டை ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வை. வெளிச்சம் உன் முகத்தில் விழ வேண்டும். ஒரு சாண் தூரத்தில் போய் அவள் கண்ணின் கறுப்பை உற்றுப் பார். உள்ளே ஒரு சின்ன ஆள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பாள். அவளுக்குத் தலை இருக்கும், தோள் இருக்கும். நீ தலையைச் சாய்த்தால் அவளும் சாய்ப்பாள். அவள்தான் பாவை. அந்தத் துவாரத்துக்கு யாரும் பொம்மை என்று பெயர் வைக்கவில்லை. துவாரத்துக்கு முன்னால் தெரிந்த உருவத்துக்கு வைத்தார்கள். உருவத்தின் பெயர் மெல்ல அது குடியிருந்த இடத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

இதை நீ இரண்டாம் ஆண்டில் 'முதல் புர்கின்யே பிம்பம்' என்று படிப்பாய். செக் நாட்டு உடலியல் அறிஞர் யான் புர்கின்யே 1823-இல் விவரித்தது. கார்னியா, அதாவது கண்ணின் முன்னால் இருக்கும் தெளிவான படலம், அதன் முன்பக்கம் ஒரு குவி ஆடி. அதன் வளைவு ஆரம் ஏறக்குறைய 7.8 மில்லிமீட்டர், ஆகவே குவியத்தூரம் அதில் பாதி, 3.9. ஒரு சாண் என்று சொன்னேனே, அதை 25 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு 20 சென்டிமீட்டர் முகத்துக்குக் கணக்குப் போடு. பிம்பம் 3 மில்லிமீட்டர் வரும். இரண்டு மீட்டர் தள்ளி முழு ஆள் நின்றாலும் அதே 3 மில்லிமீட்டர்தான். பியூப்பிலின் விட்டம் வெளிச்சத்துக்குத் தக்கபடி 2-லிருந்து 8 வரை. ஆக, கிட்டே வந்தால் முகம், எட்ட நின்றால் முழு உருவம், எப்படியும் பொம்மை சரியாக உள்ளே அடங்கிவிடுகிறது. பிம்பம் விழுகிற ஆழமும் கார்னியாவிலிருந்து 4 மில்லிமீட்டருக்குள், கிட்டத்தட்ட ஐரிஸ் இருக்கும் இடம். அதனால்தான் பார்க்கிறவருக்கு அது மேலே ஒட்டியிருப்பதாகத் தோன்றாமல் கண்ணுக்கு உள்ளே இருப்பதாகவே தோன்றும்.

ஏன் கறுப்பில் மட்டும் தெரிகிறது? விழுகிற வெளிச்சத்தில் நூற்றுக்கு இரண்டு, இரண்டரைப் பங்கைத்தான் கார்னியா திருப்பி அனுப்புகிறது. வெள்ளைக்காரரின் நீல ஐரிஸ் முன்னால் அது கரைந்துபோகும். பியூப்பிலின் இருட்டுக்கு முன்னால்தான் துலங்கும். நம் கண்ணில் ஐரிஸும் கறுப்புக்குப் பக்கமாகவே இருப்பதால் பொம்மைக்கு இடம் கொஞ்சம் தாராளம். 'கருமணி' என்று நம்மவர்கள் சொன்னது ஐரிஸையும் பியூப்பிலையும் சேர்த்த அந்த முழு வட்டத்தை என்பது என் அபிப்பிராயம். கேம்பில் பெரியவர்கள் 'பாப்பாவில் பூ விழுந்திருச்சு' என்று வருவார்கள். டார்ச் அடித்தால் கார்னியாவில் எங்கோ ஒரு தழும்பு இருக்கும். அவர்கள் கணக்கில் கறுப்பு முழுதும் பாப்பாதான்.

இனி பாட்டுக்கு வருகிறேன். உன் பாடப்புத்தகத்தில் மணி, பாவை எல்லாம் ஒன்றாகிவிட்டன. பழைய பாட்டில் அவை இரண்டு. நற்றிணை 184-ஐ எடுத்துப் பார். மகள் காதலனோடு போய்விட்டாள். ஊரார் தாயைத் தேற்ற வருகிறார்கள். "ஒருமகள் உடையேன் மன்னே" என்று ஆரம்பிக்கிறாள் அவள். இருந்தது ஒரே மகள். அவளை நினைத்தாலே உள்ளம் வேகிறது, நீங்கள் அறிவுள்ளவர்கள், தாங்கிக்கொள் என்கிறீர்கள், எப்படித் தாங்குவது என்று கேட்டுவிட்டு மகளைப் பற்றி ஒரு வரி சொல்கிறாள்:

"உண்கண் மணிவாழ் பாவை நடைகற் றன்ன"

மை தீட்டிய கண்ணின் மணிக்குள் வாழ்கிற பாவை, இறங்கி நடை பழகினாற்போல இருந்தாளாம் அந்தப் பெண். அவள் விளையாடின நொச்சியையும் திண்ணையையும் பார்த்துக்கொண்டு இதைச் சொல்கிறாள். 'மணிவாழ் பாவை' என்ற இரண்டு சொல்லைக் கவனி. மணி வீடு, பாவை அதில் குடியிருப்பவள். கண்ணுக்குள் உட்கார்ந்தே இருந்தது எழுந்து நடக்கக் கற்றுக்கொண்டது, அப்புறம் நடந்தே போய்விட்டது. பாவைக்கு ஓட்டை என்று பொருள் எழுதினால் இந்தப் பாட்டு என்னாவது!

குறள் 1123-லும் அதே வீடு, அதே குடித்தனம்.

"கருமணியிற் பாவாய்நீ போதாயாம் வீழும்
திருநுதற்கு இல்லை இடம்."

கருமணியில் இருக்கிற பாவையே, நீ கிளம்பு, நான் விரும்புகிற பெண்ணுக்கு இங்கே இடமில்லை. இருவருக்கு இடம் பற்றாது என்று வாடகைக்கு இருப்பவளைக் காலி செய்யச் சொல்கிறான். மணி வேறு பாவை வேறு என்று ஊருக்கே தெரிந்திருந்தால்தான் இந்த வேடிக்கை எடுபடும்.

இப்போது வேந்தன் தம்பியின் கப்பல். கிரேக்கத்தில் பியூப்பிலுக்குக் 'கோரே' என்று பெயர். கோரே என்றால் கன்னிப்பெண். பொம்மைக்கும் அந்தச் சொல் உண்டு. பெர்செஃபனி தேவிக்கும் அதே பெயர். ஏதென்ஸ் அக்ரோபோலிஸில் தோண்டி எடுத்த பெண் சிலைகளையும் 'கோரே' என்றுதான் சொல்கிறார்கள். கண்ணுக்குள் இருப்பது ஏன் கோரே என்பதைப் பிளேட்டோ பெயரில் வழங்கும் 'ஆல்கிபியாடெஸ்' உரையாடலில் சாக்ரடீஸே சொல்லிவிடுகிறார்: எதிரே நின்று ஒருவர் கண்ணைப் பார்ப்பவரின் முகம் கண்ணாடியில் போல அங்கே தெரிகிறது, பார்ப்பவரின் உருவம் என்பதால் அதைக் கோரே என்கிறோம் என்று. நம் பாவைக்குச் சொன்ன அதே காரணம். ஆனால் கோரேயில் உங்கள் 'ப' எங்கே, தம்பி?

இலத்தீனில் 'பூபா' என்றால் சிறுமி, பொம்மை. அதன் குறுக்கம் 'பூபில்லா', சின்னப் பொம்மை. ரோமானியர்கள் கிரேக்கர்களின் கோரேயைப் பார்த்துத் தங்கள் சொல்லால் அதைச் செய்துகொண்டார்கள் என்று சொல்வது வழக்கம். அதாவது 'ப' வந்தது இரண்டாவது கட்டத்தில். இஞ்சி போன கதையை மறுக்கவில்லை, அரிசியின் கதையில் கருத்து வேறுபாடு உண்டு. சரக்கு போனது, சரக்கோடு பேரும் போனது. கண்ணைக் கப்பலில் ஏற்றி அனுப்பவில்லையே? கண் அவர்களுக்கும் இருந்தது, எதிரே உட்கார ஆளும் இருந்தது. பாப்பா, பூபா இரண்டும் குழந்தைப் பேச்சு. உதடு இரண்டும் ஒட்டித் திறந்தால் பா, மா என்று வரும். எந்த ஊர்ப் பிள்ளையும் அங்கேதான் தொடங்கும். அந்த ஓசைகள் பெற்றவருக்கோ பிள்ளைக்கோ பொம்மைக்கோ பெயராகிவிடும்.

நெல்லூர்த் தோழியின் கனுபாப்ப, மைசூர்த் தோழியின் கண்ணுபாபெ, அம்மாச்சியின் பாப்பா, இவை வேறு கதை. இவை ஒரே குடும்பம், பக்கத்துப் பக்கத்து வீடு. அதைத் தாராளமாகச் சொல்.

உப்புக்கண்டம்

கேள்வி ஒரு வரி, பதில் ஒரு படலம். ஆனால் படித்து முடித்ததும் எழுந்துபோய் மனைவி கண்ணைப் பார்த்தேன். 'என்ன விழுந்திருச்சு, ஊதுங்க' என்றாள்.

ஞாயிறு_வகுப்பு (பாளையங்கோட்டை)

கண்ணாடிக்கடை ஐயாவின் வாதத்துக்குச் சாட்சி ஒன்று தருகிறேன். சங்கீதம் 17:8 தமிழில் "கண்மணியைப்போல என்னைக் காத்தருளும்". மூல எபிரேயத்தில் அந்த இடத்தில் 'ஈஷோன்' என்ற சொல் இருக்கிறது. 'ஈஷ்' என்றால் மனிதன், ஈஷோன் என்றால் சின்ன மனிதன் என்று விளக்குவார்கள். உபாகமம் 32:10-லும் இதே சொல்தான். சங்கீதத்தில் அதோடு 'பத் ஆயின்', கண்ணின் மகள், என்றும் சேர்ந்து வரும். ஆக ஒரே வசனத்தில் சின்ன மனிதனும் உண்டு, மகளும் உண்டு. ஓசையில் தமிழோடும் இலத்தீனோடும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கருத்து மட்டும் அச்சு அசலாக அதே. ஆங்கிலப் பைபிளில் 'கண்ணின் ஆப்பிள்' என்று ஏன் போட்டார்கள் என்று சின்ன வயதில் குழம்பியிருக்கிறேன். கறுப்பு வட்டத்தை உருண்டையான ஒரு பண்டமாக நினைத்த காலத்துப் பேச்சு அது.

வாணியம்பாடி_சலீம்

எங்கள் வீட்டு உருதுவில் 'ஆங்க் கீ புத்லி'. புத்லி என்றால் பொம்மலாட்டப் பொம்மை. இந்தியிலும் அதுவேதான். ஹஜ்ரத் சொல்லிக்கொடுத்த அரபியில் 'இன்சானுல் ஐன்', கண்ணின் மனிதன். பாரசீகத்தில் 'மர்துமக்', குட்டி ஆள். இவ்வளவு மனிதர்கள் ஒரு கண்ணுக்குள் இருந்தும் நமக்குக் கண்ணாடி தேவைப்படுகிறது என்பதுதான் வருத்தம்.

வேர்ச்சொல்_வேந்தன்

சரி, சொல் போகவில்லை என்றே வைத்துக்கொள்வோம். கருத்தாவது இங்கிருந்து போயிருக்கலாம் அல்லவா? முதலில் பார்த்தவன் தமிழனாக ஏன் இருக்கக் கூடாது?

கண்ணாடிக்கடைக்காரர் (மதுரை)

இருக்கலாம் தம்பி, எகிப்தியனாகவும் இருக்கலாம், பெயரே இல்லாத ஏதோ ஒரு குகையில் இருந்தவளாகவும் இருக்கலாம். இதற்குக் கண்டுபிடிப்பாளர் தேவையில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. பால் கொடுக்கிற தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில் உள்ள தூரம் ஏறக்குறைய நான் சொன்ன அந்த ஒரு சாண்தான். ஒருவர் கண்ணை ஒருவர் அவ்வளவு கிட்டத்தில் பார்க்கிற மற்ற சந்தர்ப்பம் காதல். நற்றிணையில் பேசுபவள் தாய், குறளில் பேசுபவன் காதலன். இவர்கள் இல்லாத ஊர் இருந்தால் சொல்லுங்கள், அங்கே வேண்டுமானால் கப்பல் அனுப்புவோம்.

பிளினியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. முதல் நூற்றாண்டு ரோமானியர், இயற்கை வரலாறு எழுதியவர். இவ்வளவு சின்ன பூபில்லா மனிதனின் முழு உருவத்தையும் காட்டுகிறதே என்று வியந்துவிட்டு, கையில் பிடித்த பறவைகள் மனிதனின் கண்ணைக் கொத்த வருவதற்கும் இதுவே காரணம் என்கிறார். கண்ணுக்குள் தன் உருவத்தைப் பார்த்துத் தன் இனம் என்று நினைத்து அதை நோக்கிப் போகிறதாம். காரணம் சரியோ தப்போ, பைக் கண்ணாடியைத் தவிட்டுக்குருவி கொத்துவதைப் பார்த்த யாருக்கும் இதைச் சட்டென்று தள்ளிவிட மனம் வராது.

மாணவியின் இரண்டாவது கேள்வி பாக்கி. ரோமச் சட்டத்தில் தகப்பன் இல்லாமல், காப்பாளர் பொறுப்பில் வளர்கிற சிறுவன் 'பூபில்லுஸ்', சிறுமி 'பூபில்லா'. அதுவும் பூபா, பூபுஸ் என்ற சின்னப்பிள்ளைச் சொல்லின் குறுக்கம்தான். காப்பாளர் பொறுப்பில் இருக்கிற பிள்ளை என்பது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், ஆசிரியர் பொறுப்பில் இருக்கிற பிள்ளை ஆனது. வகுப்பில் இருக்கிற பியூப்பிலும் கண்ணில் இருக்கிற பியூப்பிலும் ஒரே பொம்மையிலிருந்து பிரிந்த இரண்டு கிளை. மூன்றாவது கிளை உன் பழைய விலங்கியல் புத்தகத்தில் இருக்கிறது: பட்டாம்பூச்சியின் கூட்டுப்புழு, 'பியூப்பா'. துணி சுற்றிய பொம்மை போல இருப்பதால் லின்னேயஸ் அந்தப் பெயரை வைத்தார். 'பப்பெட்'டும் இதே வீட்டுப்பிள்ளை.

மருந்துப்பை (நாகர்கோவில்)

ஆயுர்வேதம் படித்தவள், குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். சமஸ்கிருதத்தில் பியூப்பிலுக்குக் 'கனீனிகா' என்று அமரகோசம் என்ற பழைய நிகண்டு சொல்கிறது. 'கன்யா'வுக்கு உறவு, இளம்பெண் என்ற கருத்து. அது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையில் இதைவிடத் துல்லியமாக ஓர் இடம் இருக்கிறது, அதை இங்கே யாரும் சொல்லவில்லை.

இந்திரிய ஸ்தானம் என்பது நோயாளி பிழைக்க மாட்டார் என்பதைக் காட்டும் அறிகுறிகளைத் தொகுத்த பகுதி. அதன் 7-ஆம் அத்தியாயத்துக்குப் பெயரே 'பன்னரூபீயம்', உருக்குலைந்ததைப் பற்றியது. முதல் செய்தி: எவர் கண்ணில், பிரதிபிம்பமாகத் தெரிகிற 'குமாரிகா' உருக்குலைந்து காணப்படுகிறாளோ, அவருக்கு வைத்தியம் செய்ய விரும்பாதே. குமாரிகா, அதாவது சிறுமி. 'பிரதிச்சாயாமயீ', பிம்பத்தால் ஆனவள், என்று தெளிவாகவே சொல்லிவிடுகிறார்கள். பேயோ ஆவியோ இல்லை, வைத்தியனின் சொந்த நிழல் என்று தெரிந்தேதான் அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். இதைப் படித்த அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது.

கண்ணாடிக்கடைக்காரர் (மதுரை)

மருந்துப்பை அம்மா, இது எனக்குப் புதிது, நன்றி. எங்கள் தொழில் பக்கமிருந்து பார்த்தால் இதில் விஷயம் இருக்கிறது. பிம்பம் ஒழுங்காகத் தெரிய கார்னியா மட்டும் போதாது, அதன் மேல் கண்ணீர்ப் படலம் ஒரே சீராகப் பரவியிருக்க வேண்டும். அதைப் பரப்புவது இமை. கடைசி நேரத்தில் இமை கொட்டுவது குறைந்துபோகும், கண் பாதி திறந்தபடி இருக்கும், மேற்பரப்பு காயும், பிறகு மங்கும். காய்ந்த கார்னியாவில் டார்ச் வெளிச்சம்கூட ஒரு புள்ளியாக நிற்காது, சிதறிக்கிடக்கும். கிட்டே குனிந்து பார்க்கிற வைத்தியருக்குத் தன் முகம் கிழிந்து தெரிந்திருக்கும். அதைத்தான் குமாரிகா உருக்குலைந்தாள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் வெறும் கண் உலர்ச்சியிலும் பிம்பம் இப்படிக் கலையும், அது உயிர் போகிற சமாச்சாரம் இல்லை. யாரும் வீட்டில் சோதித்துப் பார்த்துப் பயந்துகொள்ள வேண்டாம்.

பொண்ணே, உன் செமினாரில் மற்றவர்கள் சொல்ல மாட்டாத ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்: அந்தப் பாவையை நாம் இன்றும் தினமும் அளந்துகொண்டிருக்கிறோம். புரை ஆபரேஷனுக்கு முன்னால் 'கே ரீடிங்' எடுக்கிறோமே, கெரட்டோமீட்டரில் வேறென்ன செய்கிறோம்? அளவு தெரிந்த ஒளிவளையத்தைக் கண்ணுக்கு முன்னால் காட்டி, கார்னியாவில் அதன் பிம்பம் எவ்வளவு பெரிதாக விழுகிறது என்று பார்க்கிறோம். பிம்பம் சிறிதானால் வளைவு கூடுதல், பெரிதானால் வளைவு குறைவு. 337.5-ஐ மில்லிமீட்டரில் உள்ள ஆரத்தால் வகுத்தால் கார்னியாவின் பவர் டயாப்டர் என்ற அலகில் கிடைக்கும். 7.8-க்கு 43.27 வரும், 7.5 என்றால் 45. உள்ளே வைக்கிற லென்ஸின் பவரை இந்த எண்ணை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணின் வளைவை அளக்கக் கருவி செய்தபோது பிடித்துக்கொண்டதும் இந்தப் பிம்பத்தைத்தான்.

மாறுகண்ணுக்கு டார்ச் அடித்துப் பார்ப்பதும் இதே வகைதான். ஹிர்ஷ்பெர்க் சோதனை என்று சீக்கிரமே கற்றுக்கொடுப்பார்கள். ஒளிப்புள்ளி பியூப்பிலின் நடுவிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்றால் ஏறக்குறைய 7 டிகிரி விலகல். ஹிர்ஷ்பெர்க் பெர்லின்காரர், கண் மருத்துவத்துக்குப் பெரிய வரலாறும் எழுதியவர்.

விழி_மாணவி (கோயம்புத்தூர்)

ஐயா, பார்த்துவிட்டேன்! முதலில் ரூம்மேட் சிரித்துச் சிரித்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். அப்புறம் தெரிந்தது. பின்னலோடு தெரிந்தது. பிறகு ஹாஸ்டலில் அந்த வரிசை முழுக்க ஒருத்தி கண்ணை ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், வார்டன் என்னவென்று கேட்டுவிட்டுப் போனார்.

இரண்டு சந்தேகம். ஒன்று, நாங்கள் படிக்கிற சொற்களில் 'பியூப்பில்' பெயராக மட்டும் வருகிறது. நோய்ப் பெயர்களில் வேறு ஏதோ வருகிறது, அனைசோகோரியா என்பது போல. இரண்டு, ஸ்லைடில் தமிழில் எதை எழுதுவது? பாவையா, மணியா, பாப்பாவா?

கண்ணாடிக்கடைக்காரர் (மதுரை)

பெயரை இலத்தீனிலிருந்தும் நோயைக் கிரேக்கத்திலிருந்தும் எடுப்பது உங்கள் துறையின் பழைய பழக்கம். 'கோரியா' என்ற வாலில் இருப்பது நம் கோரே. அனைசோகோரியா, இரண்டு கோரேயும் சமமில்லை, ஒன்று பெரிது ஒன்று சிறிது. பாலிகோரியா, ஒரே கண்ணில் ஒன்றுக்கு மேல். கோரெக்டோபியா, இடம் மாறி உட்கார்ந்தது. கை கால் தானாக ஆடுகிற 'கொரியா' நோய் வேறு, அது நடனம் என்ற சொல்லிலிருந்து வந்தது, குழப்பிக்கொள்ளாதே. விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் ரத்தநாளப் படலமான கோராய்டும் இதில் சேராது.

லியூகோகோரியாவை மட்டும் அழுத்திச் சொல். வெள்ளைக் கோரே. சின்னப்பிள்ளையை ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுக்கும்போது ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் வந்தால், கேமரா கோளாறு என்று விடக் கூடாது. படம் எடுத்த கோணத்தாலும் சில நேரம் அப்படி வரும். பிறவிப் புரையாக இருக்கலாம், ரெட்டினோபிளாஸ்டோமா என்ற புற்றாகவும் இருக்கலாம். எதுவென்று கண் டாக்டர்தான் சொல்ல வேண்டும், தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். சீக்கிரம் பிடித்தால் ரெட்டினோபிளாஸ்டோமாவில் பிள்ளையின் உயிரைக் காப்பாற்றிவிடலாம், பல நேரம் கண்ணையும். கேம்பில் தாய்மார்கள் 'பாப்பாவுக்குப் பாப்பா வெள்ளையா இருக்கு' என்றுதான் சொல்வார்கள். எந்தப் பாப்பாவை எந்த இடத்தில் சொல்கிறார்கள் என்று கவனமாகக் கேட்கப் பழகிக்கொள்.

ஸ்லைடில் துவாரத்துக்குக் 'கண்பாவை' என்றே எழுது, பாடப்புத்தகத்தில் இருப்பது, துறைத் தலைவர் மறுக்க மாட்டார். நற்றிணை வரியைப் போடும்போது மட்டும் மணி எது, பாவை எது என்று அம்புக்குறி போட்டுக் காட்டு. நோயாளியிடம் பேசும்போது பாப்பா போதும்.

வேர்ச்சொல்_வேந்தன்

மணிவாழ் பாவையை எடுத்துக்கொடுத்ததற்காகக் கப்பலைத் திருப்பிக்கொள்கிறேன் ஐயா. ஆனால் இஞ்சியை விடமாட்டேன்.

கண்ணாடிக்கடைக்காரர் (மதுரை)

இஞ்சி உங்களுக்கே. அதற்குத் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.